பிட்யூட்டரி கட்டியும் ஹார்மோன் மார்க்கர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் யாருக்காவது பிட்யூட்டரி கட்டி என்று தெரிந்தவுடன் சொந்தக்காரர்களும், அவர்கள் வழியாக முகம் தெரியாதவர்களும் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். செந்தூலிலிருந்து வந்தாலும் பட்டர்வொர்த்திலிருந்து வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

மூளையில் கட்டி என்று சொன்னார்கள். புற்றுநோயா?

அநேகமாக இல்லை. பிட்யூட்டரி சுரப்பி மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டு எலும்பில் உள்ள ஒரு சின்னக் குழிக்குள் இருக்கிறது. எடை சுமார் அரை கிராம். அதில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை வேறு உறுப்புகளுக்குப் பரவாதவை. பலருக்குக் கட்டி இருப்பதே தெரியாமல் வாழ்நாள் கழிந்துவிடும். வேறு எதற்கோ எடுத்த எம்ஆர்ஐயில் தற்செயலாகக் கண்ணில் படுவதும் உண்டு.

அதற்காகச் சும்மா விட்டுவிடவும் முடியாது. சில கட்டிகள் ஏதாவது ஒரு ஹார்மோனை அளவு மீறிச் சுரக்கும். சில, வளர்ந்து பக்கத்தில் உள்ளதை நெருக்கும். சுரப்பிக்கு நேர் மேலே இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடம் இருக்கிறது. அங்கே அழுத்தம் விழுந்தால் நேர்ப்பார்வை நன்றாகவே இருக்கும். இரு பக்கத்து ஓரப் பார்வை மட்டும் மங்கும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் வரும் லாரி தெரியாமல் போவது எவ்வளவு ஆபத்து! 10 மில்லிமீட்டருக்கு உட்பட்டதைச் சிறிய கட்டி என்றும், அதற்கு மேற்பட்டதைப் பெரிய கட்டி என்றும் பிரிப்பார்கள்.

ஹார்மோன் மார்க்கர் என்பது ரத்தத்தில் பார்ப்பதா, கட்டியில் பார்ப்பதா?

இரண்டும்தான். பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ரத்தப் பரிசோதனை, கட்டி உடம்புக்குள் எதை, எவ்வளவு விடுகிறது என்று காட்டும். அறுவை சிகிச்சையில் எடுத்த சதைத்துண்டில் செய்யும் பரிசோதனை, அந்தக் கட்டி எந்த வகை உயிரணுவிலிருந்து வந்தது என்று காட்டும். பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் ஆய்வகம் தப்பு செய்துவிட்டது என்று உடனே நினைக்க வேண்டாம். அந்த முரண்பாட்டிலும் ஒரு தகவல் இருக்கலாம். கீழே பல பதில்களில் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

பிட்யூட்டரியின் முன்பகுதி சுரப்பவை: வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க வைப்பது), ஏசிடிஎச் (அட்ரினல் சுரப்பியைக் கார்ட்டிசோல் சுரக்க வைப்பது), டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டுவது), எல்எச், எஃப்எஸ்எச் (இரண்டும் இனப்பெருக்கத்துக்கானவை). இந்த ஆறும்தான் ரிப்போர்ட்டில் மாறி மாறி வரும் பெயர்கள்.

தங்கைக்குப் புரோலாக்டின் அதிகம். அப்படியானால் கட்டி உறுதியா?

இல்லை. புரோலாக்டின் ஏறுவதற்குக் காரணங்கள் ஏராளம். முதலில் பார்க்க வேண்டியது கர்ப்பம். அப்புறம் தாய்ப்பால், தைராய்டு குறைபாடு, சிறுநீரகக் கோளாறு, ஊசி குத்தும்போது ஏற்படும் பதற்றம். மாத்திரைகளும் உண்டு: வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, டோம்பெரிடோன், மனநலத்துக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன். ரிஸ்பெரிடோன் எடுப்பவர்களிடம் எண் மிக உயரத்துக்கே போகும். அதற்காக மனநல மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள்.

எந்த அறிகுறியும் இல்லாமல் எண் மட்டும் அதிகமாக இருந்தால், மேக்ரோபுரோலாக்டின் பார்த்தார்களா என்று கேளுங்கள். சிலர் ரத்தத்தில் புரோலாக்டின், எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிப் பெரிய உருவமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இயந்திரம் அதையும் சேர்த்து எண்ணிவிடும், ஆனால் உடம்பில் அதற்கு வேலை எதுவும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய, மலிவான சோதனை உண்டு. அதைச் செய்யாமல் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குவது வீண்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் இருக்கிறது. எம்ஆர்ஐயில் கட்டி பெரிதாக இருக்கும், புரோலாக்டின் சுமாராகத்தான் ஏறியிருக்கும். இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கட்டி புரோலாக்டின் சுரக்கும் வகையே அல்ல. சுரப்பியின் காம்பை அழுத்துவதால் மூளையிலிருந்து வரும் டோப்பமின் என்ற கடிவாளம் அறுந்து, நல்ல சுரப்பியே கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கிறது. இப்படி ஏறும் அளவு பெரும்பாலும் 2000 மில்லி யூனிட்டைத் தாண்டாது. இன்னொன்று, ரத்தத்தில் புரோலாக்டின் அளவுக்கு மீறி இருப்பதால் சோதனை முறையே திணறிப் பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டுகிறது. ரத்த மாதிரியை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினால் உண்மை வெளியே வந்துவிடும். பெரிய கட்டிக்குக் கத்தி வைப்பதற்கு முன்னால், ‘நீர்க்கச் செய்து பார்த்தீர்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏனென்றால் புரோலாக்டின் கட்டியாக இருந்தால் முதல் சிகிச்சை பெரும்பாலும் மாத்திரைதான்.

மாத்திரையிலேயே கட்டி சுருங்குமா?

புரோலாக்டின் கட்டி என்றால், பெரும்பாலோருக்குச் சுருங்கும். இதற்குக் கொடுக்கும் மாத்திரை காபர்கோலின், பொதுவாக வாரத்துக்கு இரண்டு முறை. அதனால்தான் ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் அதிகம் காணப்படும் இந்த வகையின் சதைத்துண்டு ஆய்வகத்துக்கு அவ்வளவாக வருவதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாத்திரை சிலருக்கு ஆசைக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும். அதுவரை சூதாட்டப் பக்கமே போகாத அப்பா திடீரென்று தினமும் ஃபோர்-டி நம்பர் எடுக்கிறார், அம்மா இணையத்தில் வாங்கிக் குவிக்கிறார் என்றால் கெட்ட காலம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்வதில்லை.

மோதிரமும் மெட்டியும் இறுகுகின்றன, செருப்பு அளவு ஏறிவிட்டது. வயதானால் இப்படித்தானா?

எடை கூடாமலே இப்படி நடந்தால் வளர்ச்சி ஹார்மோனைப் பார்க்க வேண்டும். தாடை முன்தள்ளுவது, பல் இடைவெளி அகலுவது, அதிக வியர்வை, பலத்த குறட்டை, புதிதாக வந்த நீரிழிவு எல்லாம் கூடவே வரலாம். மாற்றம் மெதுவாக நடப்பதால் கூட இருப்பவர்களுக்குத் தெரியாது. பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்து இன்றைய முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் படங்களைக் கிளினிக்குக்கும் கொண்டு போகலாம், டாக்டர்கள் விரும்பிப் பார்ப்பார்கள்.

வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் முதலில், அந்த ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் உண்டாக்கும் ஐஜிஎஃப்-1 என்ற புரதத்தைப் பார்ப்பார்கள். அது நிலையாக இருக்கும். அதை வயதுக்கு ஏற்ற அளவோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். இருபது வயதுப் பையனுக்கு இயல்பான எண் அறுபது வயதுக்காரருக்கு அதிகம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலோ, கல்லீரல் கெட்டிருந்தாலோ பொய்யாகக் குறையவும் செய்யும்.

சந்தேகம் தீராவிட்டால் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் பலமுறை ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை ஏறினால் நல்ல பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனைக் குறைத்துவிடும். கட்டி அதற்கெல்லாம் அசையாது. காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். போகிற வழியில் மாமாக் கடையில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டுப் போனால் அன்றைய சோதனை அவ்வளவுதான்.

முகம் உப்பி, வயிறு பெருத்து, கைகால் மெலிகிறது. கார்ட்டிசோல் பார்க்கச் சொன்னார்கள். ஏன் இத்தனை சோதனை?

கார்ட்டிசோல் அவ்வளவு அடம் பிடிக்கும். காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் மிகக் குறைவாகவும் இருப்பது இயல்பு. கவலை, தூக்கமின்மை, குடி, உடல் பருமன் எல்லாமே அதைக் கலைத்துவிடும். அதனால் சும்மா காலையில் எடுத்த ஒரு கார்ட்டிசோலை வைத்துக் குஷிங் நோய் (பிட்யூட்டரி கட்டியால் கார்ட்டிசோல் அளவு மீறுவது) என்று முடிவு கட்ட முடியாது. மூன்று வழி உண்டு: இரவு படுக்கப் போகும் நேரத்து எச்சில், 24 மணி நேரச் சிறுநீர், இரவு 11 மணிவாக்கில் 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை விழுங்கி மறுநாள் காலை 8 மணிவாக்கில் ரத்தம். கடைசிச் சோதனையில் கார்ட்டிசோல் 50 நானோமோலுக்குக் கீழே இறங்கிவிட்டால் நல்லது. எச்சிலும் சிறுநீரும் குறைந்தது இரண்டு முறை எடுக்கச் சொல்வார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ரத்தக் கார்ட்டிசோல் பொய்யாக ஏறும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முட்டி வலிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? பசார் மாலாமிலும் இணையத்திலும் ‘எல்லாம் மூலிகை’ என்று விற்கும் ஜாமு, மாத்திரை, பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பது இந்த நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சுகாதார அமைச்சு அடிக்கடி எச்சரிக்கை விடுகிறது. சாப்பிட்ட ஒரு வாரத்தில் வலி மாயமாகப் பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் பளபளவென்று உருண்டு வரும். பாட்டிக்கு உடம்பு தேறிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். உடம்பு தயாரிக்கும் ஏசிடிஎச்சும் கார்ட்டிசோலும் அதற்குள் ஏறக்குறைய நின்று போயிருக்கும். இங்கே கட்டியே இல்லை. பொட்டலத்தில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

ஸ்டீராய்டு இல்லை, கார்ட்டிசோல் உண்மையிலேயே அதிகம் என்று உறுதியான பிறகு ஏசிடிஎச் பார்ப்பார்கள். அந்த ரத்தத்தை ஐஸில் வைத்துச் சீக்கிரம் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். தாமதமானால் ஏசிடிஎச் சிதைந்து பொய்யாகக் குறைவாகத் தெரியும். இந்த வகைக் கட்டி சில மில்லிமீட்டர்தான் இருக்கும், எம்ஆர்ஐயில் தெரியாமலே போகலாம். அப்போது தொடை ரத்தநாளம் வழியாகக் குழாயை மேலே செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வடியும் இரு பக்க நாளங்களிலும் கையிலும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள்.

தைராய்டு மார்க்கர் பிட்யூட்டரி ரிப்போர்ட்டில் எதற்கு?

கட்டி டிஎஸ்எச்சைச் சுரக்கிறதா, அல்லது நல்ல சுரப்பியை நசுக்கித் தைராய்டைப் பட்டினி போடுகிறதா என்று பார்க்க. முதலாவது மிக அபூர்வம். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். சில இயந்திரங்களில் அது எண்களைத் தலைகீழாக்கிவிடும்.

சென்னையில் எடுத்த எண்ணும் இங்கே எடுத்த எண்ணும் கொஞ்சம்கூட ஒத்துப்போகவில்லையே?

முதலில் அலகைப் பாருங்கள். இந்திய ஆய்வகங்கள் புரோலாக்டினை நானோகிராமில் கொடுப்பது வழக்கம், இங்கே பெரும்பாலும் மில்லி யூனிட். முன்னதை 21ஆல் பெருக்கினால் பின்னது வரும். அங்கே 100 என்று இருந்தது இங்கே 2100 ஆகத் தெரிந்தால் ஒன்றும் ஏறவில்லை, அதே அளவுதான். கார்ட்டிசோலில் மைக்ரோகிராமை 27.6ஆல் பெருக்கினால் நானோமோல். அலகைச் சரிசெய்த பிறகும் வித்தியாசம் இருந்தால் இயந்திரங்களின் வித்தியாசமாக இருக்கலாம், முக்கியமாக ஐஜிஎஃப்-1இல். தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோய்க்கு ஒரே ஆய்வகத்தில் எடுப்பதே நல்லது என்பது என் கட்சி.

ரத்தத்தில் எல்லாம் சரி. அப்புறம் எதற்கு அறுவை சிகிச்சை?

கண் நரம்பை அழுத்துவதால் இருக்கும். ரத்தத்தில் எதுவும் ஏறாத பெரிய கட்டிகள் நிறைய. இவற்றில் பெரும்பான்மை எல்எச், எஃப்எஸ்எச் சுரக்கும் உயிரணுக்களிலிருந்து வந்தவை. ஆனால் வெளியே தெரியும்படி எதையும் செய்யாது. ஹார்மோன் ஏறாவிட்டாலும் இறங்கியிருக்கலாம், அதையும் பார்த்தாக வேண்டும். காலைக் கார்ட்டிசோல் குறைந்திருப்பதைக் கவனிக்காமல் அறுவை மேசையில் படுக்க வைப்பது உயிருக்கே ஆபத்து.

கட்டியின் சதைத்துண்டில் ஹார்மோனை எப்படிப் பார்க்கிறார்கள்?

மூக்கு வழியாக எடுத்த துண்டுகளை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவலாக வெட்டுவோம். முதலில் சாதாரணச் சாயம். அடுத்து ரெட்டிகுலின் சாயம்: நல்ல சுரப்பியில் உயிரணுக்கள் சின்னச் சின்னக் கூடுகளாக இருக்கும், கட்டியில் அந்தக் கூடுகள் உடைந்து போயிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு ஹார்மோனையும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தைச் சீவலில் ஊற்றுவோம். பிடித்த இடம் பழுப்பாக மாறும். ‘பாசிட்டிவ்’ என்று எழுதியிருப்பது இந்தப் பழுப்பைத்தான். ஹெச்ஐவி பாசிட்டிவ் போல ஏதோ தொற்று என்று பயந்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

பிட்-1, டி-பிட், எஸ்எஃப்-1 என்று எழுதியிருக்கிறதே, இவை ஹார்மோன்களா?

இல்லை. உயிரணு எந்த வம்சம் என்று தீர்மானிக்கும் புரதங்கள். பிட்-1 வம்சத்தில் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், டிஎஸ்எச் மூன்றும் வரும். அதனால்தான் ஒரே கட்டி வளர்ச்சி ஹார்மோனையும் புரோலாக்டினையும் சேர்த்துச் சுரக்க முடிகிறது. டி-பிட் என்றால் ஏசிடிஎச் வம்சம். எஸ்எஃப்-1 என்றால் எல்எச், எஃப்எஸ்எச் வம்சம். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட வகைப்பாடு வம்சத்தை அடிப்படையாக வைத்தது, 2022 பதிப்பு அதை இன்னும் உறுதிப்படுத்தியது.

இதற்கு முன்பு ஆறு ஹார்மோன் சாயமும் பிடிக்காத கட்டியை ‘எதுவும் இல்லாத உயிரணு’ என்று எழுதிவிடுவார்கள். இப்போது இந்த மூன்றையும் போட்டுப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு வம்சத்தில் அடங்கிவிடுகின்றன. உங்கள் ரிப்போர்ட் பழையது, அதில் இவை இல்லை என்றால், மெழுகுக் கட்டை பெரும்பாலும் இன்னும் ஆய்வகத்தில் இருக்கும். தேவைப்பட்டால் மறுபடி வெட்டிச் சாயம் போட முடியும்.

சதையில் ஏசிடிஎச் பாசிட்டிவ். ஆனால் அண்ணனுக்குக் கார்ட்டிசோல் சரியாக இருக்கிறது. யார் சொல்வது உண்மை?

இரண்டும் உண்மை. உயிரணு ஏசிடிஎச் வம்சம்தான், ஆனால் வேலை செய்யும் ஹார்மோனைப் போதுமான அளவு வெளியே விடவில்லை. இதை ஊமைக் கட்டி என்று நாங்கள் பேச்சில் சொல்வதுண்டு. ஊமை என்பதால் சாது என்று அர்த்தம் இல்லை. மற்ற ஊமைக் கட்டிகளைவிட இந்த வகை பக்கத்து எலும்பு, ரத்தநாளப் பகுதிகளுக்குள் நுழைவதும், எடுத்த பிறகு திரும்ப வளர்வதும் அதிகம். அதனால் எம்ஆர்ஐ தேதிகளைத் தவறவிடக் கூடாது. ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். சதைத்துண்டுக்குச் செலவழித்த பணம் வீணில்லை.

‘நியூரோஎண்டோகிரைன் கட்டி’ என்று எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறதே?

2022 வகைப்பாட்டில் பெயரை அப்படி மாற்றினார்கள். முன்பு அடினோமா என்று எழுதப்பட்ட அதே கட்டிதான். இந்தப் பெயர் மாற்றத்தை எல்லா நிபுணர்களும் ஏற்கவில்லை, நோயாளிகளைப் பயமுறுத்தத்தான் உதவும் என்று வாதிட்டவர்கள் உண்டு. ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் குடும்பங்களைப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் வேறு இடத்துக்குப் பரவும் பிட்யூட்டரி கட்டி மிக மிக அபூர்வம். இன்ஷூரன்ஸ் படிவம் நிரப்பும்போது மட்டும் கவனம்: டாக்டரையே எழுதச் சொல்லுங்கள்.

கேஐ-67 4 சதவீதம். பயப்பட வேண்டுமா?

அந்த எண், பிரிந்து பெருகும் நிலையில் எத்தனை உயிரணு இருக்கிறது என்று காட்டும். 3 சதவீதத்துக்கு மேல் என்றால் கவலைக்குரிய வகை என்று ஒரு காலத்தில் தனிப் பெயரே வைத்திருந்தார்கள். 2017இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் ஒரு எண் மட்டும் எதிர்காலத்தைச் சரியாகச் சொல்லவில்லை. எந்த வம்சம், எம்ஆர்ஐயில் பக்கத்தில் நுழைந்திருக்கிறதா, முழுவதும் எடுத்தார்களா என்று சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 4 என்பது கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு ஒரு அறிகுறி, அவ்வளவுதான்.

மருந்தைத் தேர்ந்தெடுக்க இந்தச் சாயங்கள் உதவுமா?

வளர்ச்சி ஹார்மோன் கட்டியில் உதவும். ஆக்ட்ரியோடைடு, லேன்ரியோடைடு ஊசிகள் முக்கியமாக எஸ்எஸ்டிஆர்-2 என்ற ஏற்பியைப் பிடித்து வேலை செய்கின்றன. அந்தச் சாயம் நன்றாகப் பிடித்தால் ஊசி பலன் தரும் வாய்ப்பு கூடுதல். உயிரணுவுக்குள் ஹார்மோன் துகள் அடர்த்தியாக இருக்கும் கட்டி நன்றாகக் கேட்கும், அரிதாக இருக்கும் கட்டி அவ்வளவாகக் கேட்காது. ஊசி விலை அதிகம் என்பதால் இந்த வரி ரிப்போர்ட்டில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எங்கே போவது?

ஒரு கிளினிக் டாக்டரிடமிருந்து ருஜுக்கான் (பரிந்துரை) கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அரசாங்கத் தரப்பில் ஹார்மோன் சிகிச்சைக்குப் புத்ராஜெயா மருத்துவமனை பெயர் பெற்றது. அறுவை சிகிச்சைக்குக் கோலாலம்பூர் மருத்துவமனை, பல்கலைக்கழக மருத்துவமனைகளில் பந்தாய் பக்கம் பிபியூஎம் (மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம்), செராஸில் துவாங்கு முஹ்ரிஸ். பினாங்கில் ஜார்ஜ்டவுன் பொது மருத்துவமனை. எங்கே போனாலும், மாதத்துக்கு ஒரு பிட்யூட்டரி அறுவைகூடச் செய்யாத இடத்தைவிட, அடிக்கடி செய்யும் கை எது என்று விசாரிப்பது நல்லது. இன்னொரு கருத்து கேட்கப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டையையும் இரவல் கேட்டு எடுத்துச் செல்லலாம்.

அறுவை முடிந்தது. அடுத்த ரத்தச் சோதனை எப்போது?

ஹார்மோனைப் பொறுத்தது. கார்ட்டிசோலை முதல் சில நாட்களிலேயே பார்ப்பார்கள். குஷிங் நோயில் அது மிகக் கீழே விழுந்தால் நல்ல செய்தி. ஐஜிஎஃப்-1 மெதுவாகத்தான் இறங்கும், சுமார் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். வீட்டுக்கு வந்த முதல் வாரம் பத்து நாளில் சோடியம் சரியும் ஆபத்து உண்டு. தலைவலி, குமட்டல், குழப்பம் என்றால் உடனே திரும்பிப் போங்கள். விடாமல் தாகமும் வாளி வாளியாகச் சிறுநீரும் போனாலும் அப்படியே.

கார்ட்டிசோலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையில் இருக்கிறேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா?

பத்துமலைப் படியிலும் தண்ணீர்மலை ஏற்றத்திலும் வெயில், பட்டினி, அலகு மூன்றும் சேர்ந்தால் நல்ல உடம்பே துவளும். உங்கள் உடம்பால் தேவைக்கேற்பக் கார்ட்டிசோலைக் கூட்ட முடியாது. விரதம் என்று மாத்திரையைத் தள்ளிப் போடவே கூடாது. போயே தீர வேண்டும் என்றால் சில வாரம் முன்பே டாக்டரிடம் பேசி, அன்றைக்கு எவ்வளவு கூட்டி எடுப்பது என்று எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டு அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும், கூட வருகிறவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் காத்திருக்க நேரம் இல்லை, ஊசி போட வேண்டும். என்னைக் கேட்டால், பால்குடம் போதும் என்பேன். அதுவும் விடிவதற்கு முன்னால்.

பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பிட்யூட்டரி கட்டி, அல்லது ரத்தத்தில் கால்சியம் அதிகம், அல்லது சின்ன வயதிலேயே பெரிய கட்டி என்றால் மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். மற்றவர்கள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எம்ஆர்ஐ எடுக்கத் தேவையில்லை.